மீமிசலிலிருந்து இலுப்பூருக்கு: ஒரு வார்த்தை வாங்கப் போன கதை

இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கோட்டை, குளம், சாப்பாட்டுக் கடை என்று எழுதுகிறவள் நான். இந்த முறை பள்ளிக்கூடப் பயணம். மணமேல்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் பெரிய இடத்துக்குப் போன நம் மாவட்டத்துக்காரர்களைப் பிள்ளைகளே நேரில் பார்த்து, என்ன படித்தார்கள், எப்படி அந்த வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பேட்டி எடுத்து வர வேண்டும் என்று ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு. அதைத் தூக்கி என் தலையில் கட்டினார்கள். இப்போது வேறு பள்ளி ஆசிரியர்கள் சிலர், நாங்களும் அழைத்துப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று எழுதிக் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

வந்த பன்னிரண்டு பிள்ளைகளில் பதினொரு பேருக்கு இது ஒரு நாள் ஊர்சுற்றல். பவித்ராவுக்கு அப்படியில்லை. மீமிசல்காரப் பெண். அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். கேரளாவில் உள்ள ஒரு மத்திய அரசு அறிவியல் கல்லூரியில் ஐந்து வருட இயற்பியல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதி, இடமும் வாங்கிவிட்டாள். எங்கள் பள்ளியில் அவளுக்கு முன் யாரும் அந்தத் தேர்வை எழுதியதுகூடக் கிடையாது. புதன்கிழமைக்குள் பணம் கட்டி இடத்தை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். பயணம் அதற்கு முந்தைய சனிக்கிழமை.

அவள் அப்பா முருகானந்தம் குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். இப்போது மீமிசலில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறார். நான் வீட்டுக்கே போய்ப் பேசினேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, கலர் வாங்கி வந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"அனுப்ப மாட்டேன்னு சொல்லல டீச்சர். அஞ்சு வருசம் அங்கிட்டே கெடக்கணும்ங்கிறீங்க. எனக்குக் கடலும் தெரியும், குவைத்தும் தெரியும், வேற என்ன தெரியும்? சனிக்கிழம இலுப்பூர்ல அந்த சயின்டிஸ்ட் அம்மாவப் பாக்கப் போறீங்கள்ல. அவங்களும் இந்த மாவட்டத்துல இருந்து போன பொம்பளப் பிள்ளதான? பொம்பளப் பிள்ளைய அனுப்பலாம்னு அவங்க வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னைக்கே பணத்தக் கட்டிப்புடுறேன்."

நியாயமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. பெங்களூரில் செயற்கைக்கோள்களுக்கு பேட்டரி செய்கிற பிரிவில் தலைமைப் பொறுப்பில் இருக்கிற பெண். அவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? பவித்ராவுக்கும் அந்த நம்பிக்கைதான்.

காலை ஐந்தே முக்காலுக்கு மீமிசலில் வேன் கிளம்பியது. பதினான்கு பேர் உட்காரலாம். டீசல், டிரைவர் படி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு. மீமிசலிலிருந்து ஆவுடையார்கோவில் வழியாகப் போனால் அறந்தாங்கி கிட்டம். நாங்கள் மற்ற பிள்ளைகளை ஏற்றுவதற்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடிக்குச் சுற்றினோம். உங்களுக்கு அந்த அவசியம் இல்லையென்றால் சுற்றாதீர்கள், ஒரு மணி நேரம் மிச்சம். அறந்தாங்கியில் ஏழரைக்கு டீ குடித்தோம். அங்கிருந்து அரிமளம் வழியாகத் திருமயம் சுமார் நாற்பது கிலோமீட்டர். டிரைவர் செல்வராஜ் வழி முழுக்கப் பிள்ளைகளைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார். பெரிய ஆளுங்களப் பாக்கப் போறீங்க, ஜன்னல்ல தலைய நீட்டி முடிய ஆட்டுக்குட்டி மாதிரி ஆக்கிக்கிட்டு வாறீங்களே என்று ஒரே சத்தம்.

திருமயம் பக்கத்துக் கிராமத்தில் முதல் பேட்டி. மென்பொருள் கம்பெனி முதலாளி ஒருவர், சென்னையிலும் சிங்கப்பூரிலும் மாறி மாறி இருப்பவர், பூர்வீக வீட்டை மராமத்துப் பார்க்க வந்திருந்தார். அரண்மனை மாதிரி வீடு. வந்தவுடன் இலை போட்டு இட்லியும் வெள்ளைப் பணியாரமும் வைத்தார்கள், குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஹரிஷ் என்று ஒரு பையன், கட்டுமாவடிக்காரன், வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி, பேட்டிகளைப் போனில் வீடியோ எடுத்ததும் அவன்தான். மொதல் வேல எப்படி சார் கெடச்சது என்று கேட்டான்.

"எங்க சித்தப்பா கம்பெனிலதான் தம்பி. பொய் சொல்வானேன்?" என்றார் முதலாளி.

"சித்தப்பா இல்லாதவங்க என்ன சார் பண்றது?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல கேள்வி, நல்ல கேள்வி என்று முதுகில் தட்டினார். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு முழுவதும் கேமராவுக்கு முன்னால் உண்மை பேசிய ஒரே மனிதர் அவர்தான் என்று சாயந்திரம்தான் தெரிந்தது.

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை இருபது கிலோமீட்டர். பேருந்து நிலையத்துப் பக்கம் மதியச் சாப்பாடு, ஆளுக்கு நூற்றிருபது ரூபாய், ரசம் மட்டும்தான் உருப்படி. பிள்ளைகளோடு போகிறவர்கள் கழிப்பறை வேலையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு இலுப்பூர் வரை பெண் பிள்ளைகளுக்கு ஒதுங்க நல்ல இடம் கிடையாது. அன்னவாசலுக்கு முன்னால் சித்தன்னவாசல் போர்டைப் பார்த்ததும் எல்லாரும் நிறுத்தச் சொன்னார்கள். பவித்ரா மட்டும் வேண்டாம் என்றாள். மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க, லேட்டாப் போனா நல்லாருக்காது என்றாள். வழியெல்லாம் அவள் ஒரே ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். வெளியே கருவேலங்காடு வெயிலில் காய்ந்து கிடந்தது.

இலுப்பூரில் செல்வராஜ் வண்டியை நிறுத்தி ஒரு டீக்கடையில் வழி கேட்டார்.

"ராக்கெட்டு வீடா? இப்படியே போயி இங்கிட்டுத் திரும்புங்க. நாளைக்குக் காதுகுத்து, பந்தல் போட்டுருக்கும். நீங்க மொய் எழுத வந்தவகளா?" என்றார் கடைக்காரர்.

பேட்டரி செய்கிறவர் என்று சொன்னால் யாருக்கும் புரியாதாம், ராக்கெட் என்றால் நாலு தெருவுக்குத் தெரியுமாம். அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து என்பதால்தான் மேடம் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தார். விசேஷ வீட்டில் பேட்டி எடுக்கிறோமே என்று எனக்கு அப்போதே ஒரு உறுத்தல். ஆனால் அவர் ஊரில் இருப்பதே வருடத்தில் அந்த இரண்டு நாள்தான், வேறு நாளுக்கு நான் எங்கே போவது?

கூடத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். சுவரில் மேடத்தின் அப்பா படம், புது மாலையோடு. அதற்கு நேர் கீழே மேடத்துக்கு நாற்காலி. பக்கத்திலேயே அவருடைய அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். தமிழ் வழியில் படித்தது, கல்லூரியில் ஆங்கிலம் புரியாமல் முழித்தது, முதல் முறை செய்த பேட்டரி சோதனையில் வீங்கிப் போனது. வீட்டுல எல்லாரும் சப்போர்ட்டா இருந்தாங்கல்ல என்று எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி கேட்டபோது அண்ணனே முந்திக்கொண்டு, "எங்க அப்பா அந்தக் காலத்துலயே பொம்பளப் பிள்ளைய வெளியூர் அனுப்புன மனுசன்" என்றார். கூட்டத்தில் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தார்.

கடைசிக் கேள்வி பவித்ராவுடையது. இந்த மாதிரிப் பேட்டிகளில் கடைசிக் கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். மாணவர்களுக்குத் தாங்கள் கூறும் அறிவுரை என்ன? தலைமையாசிரியர் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். பவித்ரா அதைக் கேட்கவில்லை.

"மேடம், எனக்குக் கேரளாவுல பிசிக்ஸ் படிக்க எடம் கெடச்சிருக்கு. பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பலாமான்னு எங்க அப்பா யோசிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "அதெல்லாம் வீட்டுப் பெரியவங்க பாத்துக்குவாங்கம்மா" என்றார். கூட்டம் லேசாகச் சிரித்தது. மேடமும் சிரித்தார். பிறகு, மேடையில் நின்று பேசிப் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு குரல் வந்துவிடும் இல்லையா, அந்தக் குரலில் சொன்னார்:

"வாழ்த்துகள்மா. ஆனா ஒண்ணு. பிள்ளைக்கு எது நல்லதுன்னு பெத்தவங்களுக்குத்தான் தெரியும். நான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்கேன்னா எங்க அப்பா பேச்சக் கேட்டதுனாலதான். நீங்களும் அம்மா அப்பா பேச்சக் கேளுங்க. எல்லாம் நல்லா நடக்கும்."

கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆனது. காபி வந்தது. ஹரிஷ் போனை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டான்.

பவித்ரா காபியைத் தொடவில்லை. மேடம் அவளைக் கவனித்திருக்க வேண்டும். வாங்க, கொல்லப் பக்கம் காத்தாட நிக்கலாம் என்று எங்கள் இரண்டு பேரையும் பின்னால் கூட்டிப் போனார். அங்கே மறுநாள் சமையலுக்கு அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பவித்ரா என்ன நினைத்தாளோ, பூமியின் நிழலுக்குள் செயற்கைக்கோள் போகும்போது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டியிருக்கும், குளிரில் அது சுருண்டுவிடாதா என்று கேட்டாள். மேடத்தின் முகமே மாறிப்போனது. கொத்தனார் விட்டுப்போன செங்கல் துண்டை எடுத்துத் தரையில் படம் போட்டார். இவள் குறுக்கே கேட்டாள், அவர் அழித்துவிட்டு மறுபடி போட்டார். பத்து நிமிடம் நான் ஒருத்தி அங்கே நிற்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் பவித்ராவைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் மேடம் செங்கல் துண்டைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"எங்க அப்பா என்னைய அனுப்பல" என்றார் மெதுவாக. "சர்ட்டிபிகேட்ட எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. அம்மா சாவிய எடுத்துக் குடுத்தாங்க. திருச்சி பஸ்ஸுல ஏறிப் போயிட்டேன். ரெண்டு வருசம் என்கூட அவரு பேசல. இந்த அண்ணன் ஹாஸ்டலுக்கே வந்து சத்தம் போட்டாரு. நீ போம்மா. விட்றாத."

பவித்ரா அழுதுவிட்டாள். "இத அங்க சொல்லுங்க மேடம். திருப்பி எடுத்துக்குறோம்" என்றாள்.

மேடம் கூடத்துப் பக்கம் பார்த்தார். "நாளைக்கு விசேசம்மா. அப்பா படத்துக்கு மால போட்டு வச்சிருக்காங்க. இப்பப் போயி நான் எப்படி?"

"எங்க அப்பாகிட்ட மட்டும் போன்ல சொல்லுங்க மேடம். ஒரே ஒரு வார்த்த."

"நம்பரக் குடு. காதுகுத்து முடிஞ்சதும் நானே பேசுறேன்" என்றார். நம்பரை அவரே போனில் பதிந்துகொண்டார். நான் பார்த்தேன்.

நாலரைக்குக் கிளம்பினோம். திருமயம் சுற்றாமல் புதுக்கோட்டை, அறந்தாங்கி, மணமேல்குடி என்று நேர்வழி. போகவர மொத்தம் இருநூற்றைம்பத்தைந்து கிலோமீட்டர். பவித்ரா திரும்பும்போது பாட்டெல்லாம் பாடினாள். மேடம் பேசிவிடுவார் என்று இரண்டு பேருமே நம்பினோம். இதற்கிடையில் ஹரிஷ் நல்ல பிள்ளையாக வேனில் உட்கார்ந்தபடியே வீடியோவைப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் சீக்கிரம் போடச் சொல்லியிருந்தேன். மீமிசலில் இறங்கியபோது முருகானந்தம் நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டேன் டீச்சர். ரெண்டு தடவ போட்டுக் கேட்டேன். பெத்தவங்களுக்குத்தான் தெரியும்னு அந்தம்மாவே சொல்லிப்புட்டாங்க. எம்புட்டுப் படிச்சவங்க. எனக்கும் மனசு ஒப்பல. இங்கிட்டே பக்கத்துல எதாவது படிக்கட்டும்."

நான் நின்ற இடத்திலேயே கொல்லைப்புறத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை.

"நீங்க பொய் சொல்லுவீங்கன்னு சொல்லல டீச்சர். ஆனா அவங்க அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி, அப்பா படத்துக்குக் கீழ உக்காந்து சொன்னது ஒண்ணு. கொல்லையில சொன்னது ஒண்ணு. நான் எத எடுத்துக்கிறது? அவங்களே போன் போட்டுச் சொல்லட்டும், கேக்குறேன்."

ஞாயிறு போன் வரவில்லை. விசேஷ நாள், சரி. திங்கள் நான் இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன், படித்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. செவ்வாய் மறுபடி அனுப்பினேன், அதற்கும் நீலக் கோடு. புதன் காலை பவித்ரா கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்தாள். முதல் தவணைப் பணத்தை நான் போடுகிறேன், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நானே சொல்லியிருந்தேன். இணையதளத்தில் உறுதி செய்ய அழுத்தினால் ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகிறது. போன் ஏலக்களத்தில் அவர் சட்டைப் பையில். மேடத்தின் காலத்தில் பீரோ சாவியை எடுத்துக் கொடுக்க ஓர் அம்மா இருந்தால் போதும், பஸ் ஏறிவிடலாம். இவள் அப்பாவிடம் போய்க் கேட்டாள். அவர் தரவில்லை. திட்டவும் இல்லையாம், தலையைத் தடவிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டாராம். சாயந்திரம் ஐந்து மணிக்கு இடம் போனது.

வியாழக்கிழமை மேடத்திடமிருந்து பதில் வந்தது. விசேஷத்தில் நேரமே கிடைக்கவில்லை, அடுத்தவர் குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவது சரியாக இருக்குமா என்றும் யோசித்தேன், குழந்தைக்கு என் ஆசிகள் என்று எழுதி, கீழே கும்பிடும் கை ஒன்று. அந்தக் கும்பிடும் கையைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அவர் கெட்டவராக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். செங்கல் துண்டை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்தானே. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் பஸ் ஏறியவர், முப்பது வருடம் கழித்து அதே ஊருக்கு முன்னால் ஒரு நிமிடம் உண்மை பேசப் பயந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது அவருக்கு வெறும் மேடைப் பேச்சு, அவ்வளவுதான்.

இப்போது நீங்கள் கேட்ட வழிமுறைக்கு வருகிறேன். ஆட்களைப் பிடிப்பது கஷ்டமில்லை. மாவட்டத்தில் எந்த ஊரிலும் டீக்கடையில் கேட்டால் வெளியே போய்ப் பெரிய ஆளானவர் வீட்டைக் காட்டுவார்கள். வைகாசி, ஆனியில் விசேஷங்களுக்கு வருவார்கள். ஆனால் தயவுசெய்து விசேஷ வீட்டில் பேட்டி எடுக்காதீர்கள். சொந்தக்காரர்கள் சூழ உட்கார்ந்த இடத்தில் யாரும் தாங்கள் வந்த வழியைச் சொல்ல மாட்டார்கள், வீடு சொல்லச் சொல்கிற கதையைத்தான் சொல்வார்கள். கிளம்பி வந்து ஒரு வகுப்பறையில் உட்காரச் சொல்லுங்கள், வராவிட்டால் போகட்டும். அறிவுரை சொல்லுங்கள் என்ற கேள்வியைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள். யார் தடுத்தார்கள், யார் சாவி எடுத்துக் கொடுத்தார்கள் என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். வீடியோவை நீங்கள் ஒரு முறை பார்க்காமல் எந்தக் குழுவிலும் போட விடாதீர்கள். எங்கள் வீடியோவைப் பார்த்துத் தலைமையாசிரியருக்குப் பரம சந்தோஷம், இறைவணக்கக் கூட்டத்தில் எல்லா வகுப்புக்கும் போட்டுக் காட்டினார். பிளஸ் ஒன் பெண் பிள்ளைகள் வரிசையாக நின்று அந்தக் கடைசிப் பதிலுக்குக் கை தட்டினார்கள். நான் ஆய்வகத்துக்குள் போய்விட்டேன்.

போன வாரம் பவித்ரா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். அறந்தாங்கியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். இயற்பியலில் இடம் நிரம்பிவிட்டதாம், பஸ்ஸில் தினமும் போய் வரலாம் என்பதால் அப்பாவுக்குத் திருப்தியாம். அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. மேஜையைத் துடைத்துக்கொண்டே, இனிமேல் எவனையும் பேட்டி எடுக்கக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை என்றேன்.

"ஏன் டீச்சர், போங்க" என்றாள். சான்றிதழை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "எங்கள மட்டும் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க. எங்களுக்குத்தான் ஏற்கனவே எல்லாம் தெரியும்ல. அப்பாமார வேன்ல ஏத்திக்கிட்டுப் போங்க. நேரா கொல்லப் பக்கம் கூட்டிட்டுப் போங்க."